நெஞ்சில் நுண்துளை அறுவைக்குப் பின் வரும் வலியும் நரம்புத் தடுப்பு ஊசியும்

அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் காலை வார்டைச் சுற்றி வரும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "வலி எப்படி இருக்கிறது?" என்பதுதான். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி நோயாளிகளிடமிருந்து பெரும்பாலும் ஒரே விடை வரும்: "பரவாயில்லைங்க, பொறுத்துக்கிறேன்." உடனே இரண்டாவதாக ஒன்றைக் கேட்போம்: "எங்கே, ஒரு முறை நன்றாக இருமிக் காட்டுங்கள்." அப்போது உண்மை வெளிப்பட்டுவிடும். கை தானாகவே விலாவை அழுத்திப் பிடிக்கும். இருமல் தொண்டையோடு நின்றுவிடும். நெற்றியில் வியர்வை அரும்பும். அசையாமல் படுத்திருந்த வரையில்தான் அது பொறுத்துக்கொள்ளக் கூடிய வலியாக இருந்திருக்கிறது.

வலியைப் பொறுத்துக்கொள்வதை நற்பண்பாகக் கருதி வளர்ந்தவர்கள் நம் மக்கள். வயலிலும் சுரங்கத்திலும் முந்திரிக் காட்டிலும் உழைத்துப் பழகியவர்களுக்கு அது இயல்பு. ஆனால் நெஞ்சு அறுவைக்குப் பிந்திய முதல் மூன்று நாள்களில் அந்தப் பொறுமை கெடுதல் செய்யும். ஏன் என்பதையும், அந்த வலியைக் குறைக்க மயக்கவியல் துறையினராகிய நாங்கள் முதுகிலோ விலாப்புறத்திலோ இடும் நரம்புத் தடுப்பு ஊசி என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்பதையும் இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

நெஞ்சுக்கூட்டின் பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் அளவுள்ள ஒன்று முதல் மூன்று துளைகளை இட்டு, ஒன்றின் வழியே கேமராவையும் மற்றவற்றின் வழியே கருவிகளையும் செலுத்தி, திரையில் பார்த்துச் செய்யும் அறுவையையே நெஞ்சில் நுண்துளை அறுவை என்கிறோம். "கேமரா ஆபரேஷன்" என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். நம் பகுதியில் இது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காகத் தேவைப்படுகிறது. நிமோனியா அல்லது காசநோயைத் தொடர்ந்து நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, அது கெட்டித்து, குழாய் போட்டும் வடியாமல் போவது முதலாவது. பல ஆண்டுகள் பீடி புகைத்தவர்களுக்கும், ஒல்லியான இளைஞர்கள் சிலருக்கும் நுரையீரலின் மேற்பரப்பிலுள்ள காற்றுக் கொப்புளம் வெடித்து நுரையீரல் சுருங்கிவிடுவது இரண்டாவது. நுரையீரலில் தெரியும் கட்டி எத்தகையது என்று அறியச் சதை எடுப்பதும், சில வேளைகளில் அக்கட்டியையே அகற்றுவதும் மூன்றாவது.

இந்த முறையின் வேர் பழையது. 1910ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜேகோபியஸ் என்னும் மருத்துவர், சிறுநீர்ப்பையின் உள்ளே பார்ப்பதற்கென இருந்த குழாய்க் கருவியை நெஞ்சுக்குள் செலுத்திப் பார்த்தார். பின்னர் காசநோயாளிகளின் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்ட இடங்களைப் பிரித்துவிடவும் அது பயன்பட்டது. தமிழ்நாட்டில் 1928இல் தாம்பரத்தில் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்கான ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் அங்கு நெஞ்சு அறுவைக்கெனத் தனித் துறையை வளர்த்தார். அக்காலத்தில் நெஞ்சு அறுவை என்றால் முதுகிலிருந்து மார்பு வரை நீளும் வெட்டு. விலா எலும்புகளை விரித்துப் பிடிக்க இரும்புக் கருவி. அவ்வாறு அறுவை செய்துகொண்ட முதியவர்கள் சிலரின் விலாவில் இன்றும் அந்த நீண்ட தழும்பைக் காணலாம். அதனோடு ஒப்பிட்டால் இன்றைய துளைகள் மிகச் சிறியவை. ஒளிப்படக் கேமராவும் நுண்கருவிகளும் சேர்ந்து 1990களில் இம்முறையைப் பரவலாக்கின.

துளை சிறியது, வலி ஏன் பெரியது?

"சின்ன துளைதான் என்று சொன்னீர்களே, பிறகு ஏன் இவ்வளவு வலி?" என்று உறவினர்கள் எங்களைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் உட்புறமாக ஒரு பள்ளம் உண்டு. அதில் ஒரு சிரை, ஒரு தமனி, ஒரு நரம்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஓடுகின்றன. முதுகெலும்பிலிருந்து புறப்பட்டு, விலாவின் வளைவை ஒட்டியே சுற்றிவந்து, மார்பின் முன்புறம் வரை தோலுக்கும் தசைக்கும் நுரையீரல் உறையின் வெளி அடுக்குக்கும் உணர்வு தருவது அந்த நரம்பு. அறுவைக் கருவிகள் இரண்டு விலாக்களுக்கு இடையிலுள்ள குறுகிய சந்தின் வழியேதான் உள்ளே போகின்றன. வெளியே சிறிது சாய்த்தால் உள்ளே முனை வெகுதூரம் நகரும். ஒவ்வொரு சாய்வுக்கும் அந்த நரம்பு நெருக்குண்ணும். மேலே தெரிவது சிறு துளை. உள்ளே ஒன்றிரண்டு மணி நேரம் நசுங்கியது ஒரு நரம்பு. அறுவை முடிந்தபின் காற்றையும் நீரையும் வெளியேற்ற வைக்கும் நெஞ்சுக் குழாயும் அதே சந்தில்தான் இருக்கும். நோயாளி மூச்சு விடும்போதெல்லாம் அது உறையை உரசும். துளையைவிடக் குழாயே அதிகம் வலிக்கிறது என்று சொல்லும் நோயாளிகள் பலர். அவர்கள் சொல்வது சரி.

கால் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். விலாவை அப்படி வைக்க முடியாது. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 15 மூச்சு என்று கொண்டால் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. சிதம்பரம் பொற்கூரையில் வேய்ந்த ஓடுகளின் எண்ணிக்கையும் இதுவே என்றும், அது மனிதனின் ஒரு நாளைய மூச்சைக் குறிக்கிறது என்றும் சொல்வார்கள். அத்தனை முறையும் காயம் பட்ட விலா அசைய வேண்டியிருக்கிறது.

வலிக்கும் இடத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வது உடலின் இயல்பு. எனவே நோயாளி தம்மை அறியாமலே மேலோட்டமாக மூச்சு விடத் தொடங்குகிறார். ஆழ்ந்த மூச்சு இல்லாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றறைகள் மெல்ல மெல்லச் சுருங்கும். இருமாவிட்டால் சளி அங்கேயே தங்கும். தங்கிய சளியில் கிருமி பெருகும். இரண்டாம், மூன்றாம் நாளில் காய்ச்சல் வரும். சீழ் கட்டியதற்காக அறுவை செய்துகொண்டவருக்கு இன்னொரு இடரும் உண்டு. கெட்டித்த சீழையும் தடித்த உறையையும் அகற்றுவதன் நோக்கமே, அழுந்திக் கிடந்த நுரையீரல் மீண்டும் விரிந்து அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்பதுதான். ஆழ்ந்து மூச்சு விடாதவரின் நுரையீரல் விரியாது. விரியாவிட்டால் வெற்றிடத்தில் மீண்டும் நீர் சேரும். அறுவை மருத்துவர் பல மணி நேரம் செய்த பணி வலியால் வீணாகும் நிலை அது.

இதனால்தான் இருமலை நாங்கள் மருந்தாகக் கருதுகிறோம். இருமவும், மூன்று பந்துக் கருவியை உறிஞ்சி இழுக்கவும், எழுந்து நடக்கவும் முடிகிற அளவுக்கு வலியைக் குறைப்பதே எங்கள் இலக்கு. வலியை முற்றிலும் இல்லாமல் ஆக்குவோம் என்று நாங்கள் யாருக்கும் வாக்களிப்பதில்லை.

ஊசி என்ன செய்கிறது?

வலியைக் குறைக்க மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலுவான மருந்துகளை மட்டும் கொடுத்தால் போதாதா? வலி குறையும். ஆனால் அவை மூளை வழியே வேலை செய்பவை. அளவு கூடினால் தூக்கம் வரும், மூச்சின் வேகம் குறையும், குமட்டும், மலம் கட்டும். ஏற்கெனவே நுரையீரல் நலிந்த ஒருவரை ஆழ்ந்து மூச்சு விடச் செய்வதற்காக, மூச்சைக் குறைக்கும் மருந்தை மேலும் மேலும் கொடுப்பதில் ஒரு முரண் இருக்கிறது. ஆகவே அவற்றைக் கைவிடாமல், சிறிய அளவில் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

நரம்புத் தடுப்பு ஊசியின் வழி வேறு. பல் பிடுங்குமுன் ஈறில் ஊசி போட்டு மரக்கச் செய்வதை அறிவீர்கள். அதே வகை மருந்தை, பெரும்பாலும் பியூபிவக்கெயின் அல்லது ரோபிவக்கெயினை, விலா நரம்புகள் புறப்படும் இடத்தின் அருகே செலுத்துகிறோம். வலிச் செய்தி நரம்பின் வழியே முதுகுத்தண்டை அடையுமுன்பே நின்றுவிடும். நோயாளி விழிப்போடு இருப்பார், மூச்சு குறையாது.

முதுகெலும்பின் ஓரத்தில், நரம்பு வெளியே வரும் இடத்திலேயே மருந்தைச் செலுத்தும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹியூகோ செல்ஹைம் 1905இல் விவரித்தார். பிறகு பல பத்தாண்டுகள் அது பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1979இல் ஈசன், வயட் என்னும் இருவர் எழுதிய கட்டுரை அதை மீட்டெடுத்தது. அதை முதுகெலும்போரத் தடுப்பு என்கிறோம். அதற்கு மிக அருகில் நுரையீரல் உறை இருப்பதால் ஊசி முனை சற்றே ஆழமாகப் போனாலும் உறையில் பட வாய்ப்புண்டு. 2016இல் கனடாவில் பணிபுரிந்த மௌரிசியோ ஃபொரேரோவும் அவர் குழுவினரும் புதிய வழி ஒன்றை வெளியிட்டனர். முதுகை நிமிர்த்தி வைக்கும் நீண்ட தசைக்கும், முதுகெலும்பின் பக்கவாட்டுச் சிறகெலும்புக்கும் இடையே மருந்தைச் செலுத்தும் முறை அது. எரெக்டர் ஸ்பைனே என்பது அத்தசையின் பெயர். தடுப்புக்கும் அதே பெயர். ஊசி எலும்பைத் தொட்டு நிற்பதால் உறையைத் துளைக்கும் அச்சம் குறைவு. விலாப்புறத் தசையின்மேல் மருந்தைப் பரப்பும் செரட்டஸ் தடுப்பு 2013இல் வந்தது.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால், மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதே நேர்மையான விடை. முதுகெலும்போரத் தடுப்பு ஆழமாக மரக்கச் செய்கிறது. எரெக்டர் ஸ்பைனே தடுப்பு எளிது, ஆனால் எல்லாருக்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை. நுண்துளை நெஞ்சு அறுவைக்கென புராஸ்பெக்ட் என்னும் பன்னாட்டு மருத்துவர் குழு 2022இல் வெளியிட்ட பரிந்துரை இவ்விரண்டில் ஒன்றை முதல் தேர்வாகவும், செரட்டஸ் தடுப்பை அடுத்த தேர்வாகவும் சொல்கிறது. எந்தத் தடுப்பைக் கொடுத்தாலும் பாரசிட்டமாலும், தகுதியுள்ளவர்களுக்கு வீக்கம் குறைக்கும் வலி மாத்திரையும் உடன் தர வேண்டும் என்றும் அது வற்புறுத்துகிறது. நோயாளியின் உடல்வாகு, முதுகெலும்பின் வளைவு, இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றைப் பார்த்தே நாங்கள் முடிவு செய்கிறோம். சில வேளைகளில் அறுவை மருத்துவரே உள்ளிருந்து கேமராவில் பார்த்தபடி விலா நரம்புகளின் அருகே மருந்தைச் செலுத்திவிடுவார். அப்போது உங்கள் முதுகில் ஊசி பட்ட தடமே இருக்காது.

செய்யும் முறை எளிமையானது. பெரும்பாலானவர்களுக்கு முழு மயக்கம் கொடுத்த பிறகு, பக்கவாட்டில் படுக்க வைத்து, வயிற்று ஸ்கேன் எடுப்பது போன்ற அல்ட்ராசவுண்டு கருவியை முதுகில் வைத்து, தசையையும் எலும்பையும் ஊசி முனையையும் திரையில் கண்டபடி மருந்தைச் செலுத்துகிறோம். 20 மில்லி லிட்டரோ அதற்குச் சற்று கூடுதலோ தேவைப்படும். உறுதியான அளவு உங்கள் உடல் எடையைப் பொறுத்தது. எடை தெரியாவிட்டால் "ஐம்பது, அறுபது இருக்கும்" என்று உத்தேசமாகச் சொல்லிவிடாமல் எடைக் கருவியில் ஏறி நின்றுவிடுங்கள். மெலிந்திருக்கும் காசநோயாளிக்குப் பத்துக் கிலோ வேறுபாடு பெரிய வேறுபாடு. வலி பல நாள் நீடிக்கும் என்று கருதினால், மெல்லிய குழாய் ஒன்றை அதே இடத்தில் விட்டு, அதன் வழியே மருந்தைத் தொடர்ந்து செலுத்துவோம்.

"முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க இடுப்பு வலி வரும்" என்பது எங்கள் காதில் அடிக்கடி விழும் அச்சம். பிரசவ அறுவையின்போது போடும் தண்டுவட ஊசியை நினைத்துச் சொல்கிறார்கள். இந்த ஊசி தண்டுவட நீர் இருக்கும் இடத்துக்குப் போவதில்லை. நெஞ்சின் உயரத்தில், முதுகெலும்புக்குச் சற்று ஓரமாக நிற்கிறது. கால்கள் மரத்துப்போகா. அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தபின் மாலையிலேயே செவிலியரின் துணையோடு எழுந்து உட்காரலாம், நடக்கலாம். ஊசி குத்திய இடத்தில் ஓரிரு நாள் சிறு வலி இருக்கலாம். தண்டுவட ஊசிக்கே நீண்டகால இடுப்பு வலியோடு தொடர்பு இருப்பதாக உறுதிப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேறுகாலத்தில் வரும் முதுகுவலிக்கு வேறு காரணங்கள் உண்டு.

இரவு இரண்டு மணி

இங்கே எங்கள் தவறு ஒன்றைப் பதிவு செய்கிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

ஐம்பது வயதைத் தாண்டிய முந்திரி விவசாயி ஒருவர், நெஞ்சில் சீழ் கட்டி அறுவைக்கு வந்தார். அறுவை நன்றாக முடிந்தது; தடுப்பு ஊசியும் நன்றாக வேலை செய்தது. மாலையில் நாங்கள் பார்க்கச் சென்றபோது எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஆபரேஷன் செஞ்ச மாதிரியே இல்லீங்க" என்று சிரித்தார். நாங்களும் மகிழ்ந்தோம். "வலித்தால் கொடுக்கவும்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வந்தோம்.

ஒருமுறை இடும் தடுப்பு ஊசி பலருக்கு 8 முதல் 12 மணி நேரம் தாங்கும். சிலருக்கு இன்னும் சில மணி நேரம் கூடும். பிற்பகலில் போட்ட ஊசி நள்ளிரவைத் தாண்டி விட்டுப்போகும். அவருக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஏறக்குறைய இரண்டு மணிக்கு வலி திடீரென்று ஏறியது. ஒரு முனையில் ஒரே ஒரு செவிலியர். வேறு படுக்கையில் பரபரப்பு. "பாவம், அந்தப் பிள்ளையைக் கூப்பிட வேண்டாம்" என்று அவர் இருந்துவிட்டார். தரையில் படுத்திருந்த மனைவி, கணவர் அசையாமல் கிடப்பதைப் பார்த்து நல்ல தூக்கம் என்று நினைத்தார். மறுநாளும் வலி முழுமையாக அடங்கவில்லை, இருமவே இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கியிருந்தது. மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுச் சளியை உறிஞ்ச வேண்டியதாயிற்று. வீடு திரும்பும் நாள் தள்ளிப்போனது. அறுவடைப் பருவம்.

குற்றம் அவருடைய பொறுமையில் இல்லை. ஊசி எப்போது விட்டுப்போகும் என்பதை அவருக்கும் அவர் மனைவிக்கும் நாங்கள் சொல்லவில்லை. "வலித்தால்" என்று எழுதிய ஒரு சொல்லில் முழுப் பொறுப்பையும் நோயாளியின் மேல் போட்டுவிட்டோம். கேட்பவருக்குத்தான் மருந்து கிடைக்கும் என்றால், கேட்கத் தயங்குபவர் வலியோடுதான் இருப்பார்.

அதன்பின் எங்கள் துறையில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்தோம். ஊசி போட்ட நேரத்தையும், விட்டுப்போகக்கூடிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுகிறோம். பாரசிட்டமாலை வலிக்கும் வரை காத்திராமல் மணி பார்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். நல்ல எடையும் நலமான ஈரலும் உள்ள பெரியவருக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும், ஈரல் நோயுள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. இந்த அளவுகள் மருத்துவமனையில் நாங்கள் கணக்கிட்டுத் தருபவை. வீட்டில் தாமாகப் பின்பற்றத் தக்கவை அல்ல.

உடனிருப்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. "தூங்குகிறாரே, எழுப்ப வேண்டாம்" என்ற அன்பு முதல் இரவில் வேண்டாம். மாத்திரை நேரம் வந்தால் எழுப்புங்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பது, பேசும்போது பாதியில் மூச்சு நிற்பது, விலாவைக் கையால் பிடித்துக்கொள்வது, இருமல் வந்தும் விழுங்கிவிடுவது ஆகியவை வலியின் அடையாளங்கள். நோயாளி வாய் திறக்காவிட்டாலும் செவிலியரை அழையுங்கள். நள்ளிரவில் அழைப்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். யாரேனும் கோபித்துக்கொண்டால் எங்களிடம் சொல்லுங்கள்.

வலியை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லச் சொல்வது மருத்துவ வழக்கம். நம் பகுதி முதியவர்கள் பலருக்கு அது பொருந்துவதில்லை. "பத்துக்கு ஏழு" என்று பரீட்சை மதிப்பெண் போலத் தோன்றுகிறது போலும். "கால்வாசி குறைஞ்சிருக்கு", "முக்கால்வாசி போயிடுச்சு" என்பார்கள். அது எங்களுக்குப் போதும். படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே சொன்னால் இன்னும் நல்லது. இருமும்போது சிறு தலையணையையோ மடித்த போர்வையையோ அறுவை செய்த பக்கத்தில் அணைத்து அழுத்திக்கொள்ளுங்கள். செலவில்லாத இந்த முறை உண்மையாகவே உதவுகிறது.

ஊசியின் எல்லைகள்

தடுப்பு ஊசி நன்றாக வேலை செய்யும்போதே சிலர், "நெஞ்சு வலிக்கவில்லை, தோள்பட்டைதான் கொல்கிறது" என்று சொல்வதுண்டு. வேறு எலும்பு முறிந்துவிட்டதோ, மாரடைப்போ என்று உறவினர்கள் பதறுவார்கள். விதானத் தசைக்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. அறுவையின்போதோ குழாயாலோ அந்நரம்பின் முடிவிடங்கள் உறுத்தப்பட்டால், வலி அதே கழுத்து நரம்புகள் உணர்வு தரும் தோளில் தோன்றும். விலா நரம்புகளுக்கு இட்ட ஊசி கழுத்து நரம்பைத் தொடுவதில்லை. மாத்திரைகளால் அது பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். ஆயினும் இடப்புறத் தோளிலும் கையிலும் வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்தால் உடனே சொல்லுங்கள். இதயத்தைச் சோதிப்பது எங்கள் கடமை.

நெஞ்சுக் குழாயை எடுக்கும் நேரமும் வலிக்கும். பல வேளைகளில் அதற்குள் ஊசியின் செயல் முடிந்திருக்கும். குழாயை எடுப்பதற்குச் சுமார் அரைமணி நேரம் முன்பு வலி மருந்து வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மரத்துப்போன விலாப்புறத்தில் உப்பு ஒத்தடம், வெந்நீர்ப் பை, சூடான தவிட்டு மூட்டை எதையும் வைக்கக் கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்த பிறகே கொப்புளம் தெரியும். அன்போடு தைலம் தடவிச் சூடு காட்டும் பாட்டிமார்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆபத்தே இல்லாத ஊசி என்று எதுவும் இல்லை. இரத்தக் கட்டு, கிருமித் தொற்று, நுரையீரல் உறையில் ஊசி படுதல் ஆகியவை அரிதாக நேரக்கூடியவை. மருந்து அளவுக்கு மிகுதியாக இரத்தத்தில் கலந்தால் நாக்கு, உதடு மரக்கும். வாயில் உலோகச் சுவை தெரியும். காதில் ரீங்காரம் கேட்கும். பிறகு வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு பிறழலாம். இதற்கு மாற்றாக 20 விழுக்காட்டுக் கொழுப்புக் கரைசல் அறுவை அரங்கில் தயாராக இருக்கிறது. மெல்லிய குழாய் வழியே மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நோயாளி இவற்றில் எதை உணர்ந்தாலும் அந்தக் கணமே சொல்ல வேண்டும். "வாய் ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொன்னாலும் போதும்.

வீடு திரும்பிய பிறகு

பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரங்களில் வலி வெகுவாகக் குறையும். சிலருக்கு மூன்று மாதங்களுக்குப் பிறகும் விலாவில் எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற குத்தல், சட்டைத் துணி பட்டாலே கூச்சம் ஆகியவை நீடிக்கும். நெருக்குண்ட நரம்பு ஆறும்போது வருவது இது. பெண்கள் சிலர் உள்ளாடையின் பட்டை படும் இடத்தில் இந்த எரிச்சலை உணர்ந்தும், ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் தாங்கிக்கொள்கிறார்கள். செவிலியரிடம் சொன்னாலும் செய்தி எங்களை அடைந்துவிடும். இவ்வகை வலிக்கு வழக்கமான வலி மாத்திரை பயன்படாது. நரம்பு வலிக்கெனத் தனி மருந்துகள் இருக்கின்றன. மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு, அதிலும் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு.

அறுவைக்கு நாள் குறித்தபின் மயக்கவியல் பரிசோதனைக்கு வரும்போது, தற்போது உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்துப் பொடியையும் சேர்த்து. இரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை உண்பவராயின் எந்த நாளிலிருந்து நிறுத்த வேண்டும், நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவரோடு கலந்து நாங்களே எழுதித் தருவோம். ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பு பல் பிடுங்கும்போதோ தையல் போடும்போதோ மரப்பு ஊசியால் மயக்கம், தடிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அன்றைக்கே மூன்று பந்துக் கருவியை இழுத்துப் பழகிக்கொள்வது நல்லது. வலி இல்லாத நாளில் எத்தனை பந்து ஏறியது என்று குறித்து வைத்தால், அறுவைக்குப் பின் எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறீர்கள் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இரவில் உடன் தங்கப்போகிறவரையும் அன்று அழைத்து வாருங்கள். தலைமாட்டில் ஒட்டப்போகும் அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று அவருக்குத்தான் முதலில் காட்ட வேண்டும்.